இனச்சேர்க்கை நேரத்துல குரல் கொடுத்து ஏமாத்தி எல்க் வேட்டையாடுறது பாவம் இல்லையா?

நீங்க அமெரிக்கா வந்து ரொம்ப நாள் ஆகியிருக்காதுன்னு நினைக்கிறேன், ஆபீஸ்ல யாராவது போட்டோ காட்டியிருப்பாங்க, மனசு சங்கடப்பட்டிருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. இப்ப அஞ்சு வருஷமா செப்டம்பர்ல கொலராடோ காட்டுக்கு வில்லோட போறேன். (எல்க்னா இங்க இருக்கற பெரிய மான் வகை. ஊட்டி எல்க் ஹில் பேர்ல இருக்கறது இது இல்ல, அது மிளாவுக்கு வெள்ளைக்காரன் வச்ச பேர்.)

ஏமாத்தறதுன்னு சொல்றீங்களே, நாலு வருஷம் நான் வெறுங்கையோடதான் திரும்பினேன். வாய்க்குள்ள ரப்பர் விசில் வச்சு பெட்டை மாதிரி கத்தினா உடனே ஓடி வந்து நிக்காது. விடிகாலையில குளிர் காத்து மலையிலேர்ந்து கீழ இறங்கும், வெயில் ஏறினதும் அதே காத்து மேல திரும்பும், அந்த நேரத்துல நாம கீழ நின்னா நம்ம வாசம் அதுக்குப் போயிடும், அவ்ளோதான், அன்னிக்கு பூரா கண்ணுல படாது.

போன வருஷம் கன்னிசன் பக்கம், ஆஸ்பென் மரத்து இலையெல்லாம் மஞ்சளாயிருந்த நேரம். அடித்தொண்டையில ஆரம்பிச்சு விசில் மாதிரி உச்சிக்குப் போய் உறுமலா முடியுற ஆண் எல்க்கோட சத்தம் கேட்டதும் எனக்கு முட்டி நடுங்கிடுச்சு. முதல்ல வந்தது வாடைதான். கொம்பன், அதாவது ஆண் எல்க், சேத்துல புரண்டு தன் மூத்திரத்தையே மேல அடிச்சுக்கும், ஆட்டுக்கிடா வாடைய பத்து மடங்கு ஆக்கினா எப்படியோ அப்படி. இருபத்தஞ்சு கஜத்துல வந்து நின்னுச்சு, மூக்குலேர்ந்து ஆவி, கொம்பு நுனியில புல்லு தொங்குது. நேரா என்னப் பாத்து நின்ன வரைக்கும் நான் அம்பு விடல, உடம்பு பக்கவாட்டுல திரும்பினதுக்கு அப்புறம்தான் விட்டேன். நூறடி கூட போகல. பக்கத்துல போய் கழுத்து மேல கை வச்சு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

இனம் அழிஞ்சிடும்னு சொல்ல வருவாங்க, அதனால சொல்லிடறேன். ஒரு கொம்பன் பல பெட்டையோட சேரும், ஒண்ணு போனா அந்த இடத்துக்கு இன்னொண்ணு வந்துடும், குட்டி மே கடைசி, ஜூன்ல பிறக்கும். எத்தன பேருக்கு எந்த ஏரியால டேக் (வேட்டை அனுமதிச் சீட்டு)னு அரசாங்கம் பாத்துதான் கொடுக்குது. 1900கள் ஆரம்பத்துல இங்க எல்க் கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சு, வயோமிங்லேர்ந்து கொண்டு வந்து விட்டாங்க, இன்னிக்கு ரெண்டரை லட்சத்துக்கு மேல இருக்கு. நாங்க வாங்குற அம்பு, வில்லுக்குக் கட்டுற வரியும் 1937 சட்டப்படி காட்டு விலங்குங்களுக்குத்தான் போகுது. நம்மூர்ல போய் செய்யுங்கன்னு நான் சொல்லல, அங்க 1972 வனவிலங்கு சட்டப்படி வேட்டைக்குத் தடை.

எனக்கு வயித்தெரிச்சல் வேற. நாலு நடை, ஒவ்வொரு தடவையும் மூணு மைல், முதுகுல சுமந்து கொண்டு வந்த கறிய வெட்டிக் கொடுக்க ஒரு கடையில கொடுத்தேன். பாக்கெட்டப் பாத்தா பாதி அடுத்தவன் கறி, முன்காலுக்குக் கணக்கே இல்ல, கேட்டா எல்லாத்தையும் சேத்துதான் அரைப்போம்னு சொல்றான். நான் கை வச்சு உக்காந்திருந்த மிருகம் சார் அது. இந்த வருஷம் வீட்டு கராஜ்ல நானே வெட்டப் போறேன், கத்தி வாங்கியாச்சு.