எருசலேம் யாருக்குச் சொந்தம்? வந்த கேள்விகளும் என் பதில்களும்

எருசலேம் பழைய நகரத்தின் பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர்கூட வராது. ஆனால் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். வெறும் வசவாக வந்தவற்றை விட்டுவிட்டேன்.

சார், சுத்தி வளைக்காம சொல்லுங்க. முதல்ல அது யார் இடம்?

இன்று உரிமை கேட்கும் யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் மூவரில் யூதர்கள்தான் முந்தியவர்கள். அவர்களுக்கும் முன்னால் அங்கே எபூசியர் இருந்தார்கள், அவர்களிடமிருந்துதான் தாவீது ஊரைப் பிடித்தார் என்று பைபிளே சொல்கிறது. யூதர்களின் முதல் ஆலயத்தை பாபிலோனியர் கி.மு. 586 வாக்கில் இடித்தார்கள், இரண்டாவதை ரோமர்கள் கி.பி. 70இல். கிறிஸ்தவர்களின் கல்லறைத் தேவாலயம் 335இல் அர்ப்பணிக்கப்பட்டது. கலீஃபா உமரின் காலத்தில், 638 வாக்கில், ஊர் முஸ்லிம்கள் கைக்கு வந்தது.

ஆனால் வரிசை தெரிந்துவிட்டால் வழக்கு முடிந்துவிடாது. பின்னால் வந்தவர்கள் முன்னால் இருந்தவர்களின் கதையை மறுக்கவில்லை. அதை ஏற்றுக்கொண்டு, அதன் உண்மையான வாரிசு நாங்கள்தான் என்றார்கள். சாலொமோன் ராஜாதான் முஸ்லிம்களுக்கு சுலைமான் நபி. இயேசு அவர்களுக்கு ஈசா நபி. யார் முந்தி என்று கேட்டால் மூன்று பேரும் ஏறக்குறைய ஒரே வம்சாவளியைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

குர்ஆன்ல ஜெருசலேம்ங்கிற பேரே இல்லையாமே? அப்புறம் எதுக்கு உரிமை கேக்குறாங்க?

பெயர் இல்லைதான். 17ஆம் அத்தியாயத்தின் முதல் வசனம் நபிகள் நாயகத்தின் இரவுப் பயணத்தில் ‘மஸ்ஜிதுல் அக்ஸா’வைச் சொல்கிறது. அது பைத்துல் முகத்தஸ், அதாவது எருசலேம்தான் என்பதே முஸ்லிம்களின் பரவலான நம்பிக்கை. மக்காவுக்கு மாறும் முன், மதீனாவில் பதினாறு பதினேழு மாதங்கள் அந்தத் திசைதான் கிப்லா, தொழுகையில் முகம் நோக்கும் திசை. யூத ஆலயம் இருந்த அதே மேட்டில் பாறைக் குவிமாடம் 691-92இல் எழுந்தது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக மக்கள் நின்று தொழுத இடத்தைப் பெயர்ப் பட்டியலை வைத்துத் தள்ளுபடி செய்ய முடியாது.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒருவர் எழுதியிருந்தார்: “அங்கே யூதக் கோயில் இருந்ததே கட்டுக்கதை.” இதுவும் அதே ரகம்தான். அந்நியர் உள்ளே வந்தால் உயிர் போகும் என்று கிரேக்க மொழியில் எச்சரிக்கும் ஆலயக் கல்வெட்டு 1871இல் கிடைத்தது, இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இது சாலொமோனின் ஆலயம் நின்ற இடம் என்பதில் சந்தேகமில்லை என்று 1925இல் எருசலேமின் உச்ச முஸ்லிம் மன்றமே தன் வழிகாட்டிக் கையேட்டில் அச்சிட்டது. அரசியல் சூடேறிய பிறகு வந்ததுதான் இந்த மறுப்பு.

தங்கக் குவிமாடம்தானே அல் அக்ஸா?

இல்லை. அது பாறைக் குவிமாடம். அல் அக்ஸா பள்ளிவாசல் தெற்கு ஓரத்தில், ஈய நிறக் குவிமாடத்தோடு இருக்கிறது. ஆனால் முழு வளாகத்தையும் அல் அக்ஸா என்று சொல்வது முஸ்லிம்களிடம் வழக்கம். செய்திகளில் குழப்பம் வருவது இதனால்தான்.

இயேசுவின் கல்லறைத் தேவாலயத்துச் சாவி ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கிட்ட இருக்குன்னு வாட்ஸப்ல வந்துச்சு. நெசமா அண்ணா?

நிஜம்தான் தம்பி, ஒன்றல்ல, இரண்டு குடும்பங்கள். சாவியை வைத்திருப்பது ஜூதே குடும்பம். கதவைத் திறப்பது நுசைபா குடும்பம். பல நூற்றாண்டு வழக்கம் இது.

உள்ளே ஆறு சபைகள்: கிரேக்க ஆர்த்தடாக்ஸ், பிரான்சிஸ்கன் துறவிகள் வழியாகக் கத்தோலிக்கர், ஆர்மீனியர், காப்டிக் (எகிப்தியக் கிறிஸ்தவர்), சிரியர், எத்தியோப்பியர். எந்த விளக்கு யாருடையது, எந்தப் படியை யார் பெருக்குவது என்பது வரை பங்கு உண்டு. ஒருவர் நெடுங்காலம் பெருக்கினால் அந்த இடம் அவருடையது என்று ஆகிவிடும், அதனால் துடைப்பம் அங்கே பட்டா மாதிரி. அப்போது ஊரை ஆண்ட ஓட்டோமான் (துருக்கி) சுல்தான் 1852இல் போட்ட ஆணை ‘இருப்பது இருந்தபடியே இருக்கட்டும்’ என்று இதை உறைய வைத்தது. புனிதத் தலங்களில் கத்தோலிக்கருக்கு பிரான்சும் ஆர்த்தடாக்ஸுக்கு ரஷ்யாவும் வரிந்துகட்டியது கிரிமியப் போருக்கே ஒரு காரணம் ஆயிற்று.

வாசலுக்கு மேலே ஜன்னலடியில் ஒரு மர ஏணி நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டுச் சித்திரத்திலேயே இருக்கிறது. எல்லாரும் ஒத்துக்கொள்ளாமல் நகர்த்த முடியாது. 2002இல் கூரையில் ஒரு காப்டிக் துறவி வெயிலுக்கு ஒதுங்கி நாற்காலியை நகர்த்தினார். எத்தியோப்பியர்கள் அதை ஆக்கிரமிப்பாகப் பார்த்தார்கள். பதினோரு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கல்லறை மாடம் சரியாமல் இருக்க 1947இல், அப்போது ஊரை ஆண்ட ஆங்கிலேயர் கொடுத்த இரும்பு முட்டு 2017 வரை அப்படியே கிடந்தது. பழுதுபார்க்க மூன்று பெரிய சபைகளும் சம்மதிக்க அத்தனை காலம் பிடித்தது. ஒரே மதத்துக்குள்ளேயே இந்த நிலை என்பதை மற்ற கேள்விகளைப் படிக்கும்போது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1967லிருந்து ஊரே இஸ்ரேல் கையில. அப்புறம் யூதர்கள் மலைமேல பிரார்த்தனை பண்ணக்கூடாதுன்னா என்ன நியாயம்?

மலை என்பது இதே அல் அக்ஸா வளாகம்தான், யூதர்களுக்கு அது ஆலய மலை. தடை இரண்டு பக்கமிருந்தும் வந்தது. ஊரைப் பிடித்ததும் இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சர் மோஷே தயான் வளாக நிர்வாகத்தை முஸ்லிம் அறநிலைய அமைப்பான வக்ஃபிடமே விட்டார்: மற்றவர்கள் பார்க்கலாம், பிரார்த்திக்கக் கூடாது. தலைமை ரபிமார்களும் யூதர்கள் ஏறவே கூடாது என்று பலகை வைத்தார்கள். ஆலயத்தின் மிகப் புனிதமான உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலம் இருந்த இடத்தைத் தெரியாமல் மிதித்துவிடக் கூடாதே என்ற பயம். ஜோர்டானோடு செய்த 1994 சமாதான ஒப்பந்தத்தில், முஸ்லிம் புனிதத் தலங்களில் ஜோர்டானின் சிறப்புப் பங்கை இஸ்ரேல் ஏற்றது.

இப்போது அந்த ஏற்பாடு கரைகிறது. 2024 ஆகஸ்டில் இஸ்ரேல் அமைச்சர் பென் கவீர் மேலே போய், யூதப் பிரார்த்தனையை அனுமதிப்பதே தன் கொள்கை என்றார். பிரதமர் அலுவலகம் எதுவும் மாறவில்லை என்றது. பழைய ஏற்பாடு நியாயமானது என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் ஓட்டோமான் சுல்தான் கிறிஸ்தவச் சபைகளுக்கு வெளியே இருந்த நடுவர். இங்கே நடுவரே வழக்காடி. அதனால் சின்ன மாற்றமும் பறிப்பாகத்தான் தெரியும். 1928இல் யூதர்கள் பிரார்த்திக்கும், வளாகத்தின் மேற்குச் சுவரடியில் ஆண் பெண்ணுக்கு நடுவே கட்டிய ஒரு திரையில் தொடங்கிய தகராறு, அடுத்த ஆண்டுக் கலவரத்தில் 133 யூதர்கள், 116 அரபியர் சாவில் போய் நின்றது. ஜோர்டான் ஆண்ட 1948-67 காலத்தில் யூதர்கள் அந்தச் சுவரை நெருங்கவே முடியவில்லை. 1967இல் சுவர் கைக்கு வந்த சில நாளிலேயே, முன்னால் இருந்த மொரோக்கோக் குடியிருப்பை இஸ்ரேல் இடித்து முற்றமாக்கியது. இரண்டு பக்கமும் இவற்றை மறக்கவில்லை.

பேசாம ஐ.நா. கிட்ட கொடுத்துடலாமே?

ஐ.நா.வின் 1947ஆம் ஆண்டு பாலஸ்தீனப் பிரிவினைத் திட்டத்தில் இருந்தது அதுதான், ஊர் சர்வதேச நிர்வாகத்தில். போர் வந்தது, 1949இல் ஊர் இஸ்ரேலுக்கும் ஜோர்டானுக்கும் நடுவே இரண்டானது. கையில் இருப்பதை விட்டுக்கொடுக்க இன்று யாரும் தயாரில்லை.

அப்பா அம்மாவோட புனிதப் பயணம் போறோம் ஐயா. நாங்க சி.எஸ்.ஐ. அந்த வளாகத்துக்குள்ள எங்கள விடுவாங்களா?

பார்வையாளராகப் போகலாம். மேற்குச் சுவர் பக்கமுள்ள மரப் பாலம் வழியாக மட்டும். வெள்ளி, சனி கிடையாது. பதற்றமான நாளில் சொல்லாமலே மூடுவார்கள். கட்டடங்களுக்குள் முஸ்லிம் அல்லாதவரை விடுவதில்லை. பைபிளை அறையில் வைத்துவிட்டுப் போங்கள், சோதனையில் பிரச்சினையாகலாம். உள்ளே வாய்விட்டு ஜெபிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஜெபத்துக்கு மதில்களுக்கு வெளியே தோட்டக் கல்லறை இருக்கிறது. தொல்லியல்படி அது இயேசுவின் கல்லறையாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் புராட்டஸ்டன்ட் குழுக்கள் திருவிருந்து எடுப்பது அங்கேதான், உட்கார நிழலும் உண்டு.