ராத்திரி 142, காலையில் 176: நடுவில் ஏறுவது எப்படி?

காட்பாடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எனக்கு 54 வயது. சர்க்கரை வந்து ஏழு வருடம். மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும், கிளிமிபிரைடு 1 மில்லிகிராம் காலையில் மட்டும். இரவு ஒன்பதரைக்கு ஒரு உருண்டை கேழ்வரகுக் களி, கீரைக் குழம்பு, அதோடு சரி. பத்து மணிக்குப் பார்த்தால் 142. காலையில் எழுந்து பார்த்தால் 176, 180. நடுவில் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் படவில்லை. எப்படி ஏறும்? வெந்தயத் தண்ணீரும் சிறுகுறிஞ்சான் பொடியும் எடுத்து வருகிறேன். மாத்திரையைக் கூட்டாமல் குறைக்க வழி உண்டா?"

முதலில் அந்த 142-ஐப் பார்ப்போம். ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பத்துக்குப் பார்த்த அளவு அது. களியில் உள்ள மாவுச்சத்து அப்போதுதான் ரத்தத்தில் இறங்கத் தொடங்கியிருக்கும். உச்சத்துக்குப் போக இன்னும் அரை மணியோ ஒரு மணியோ ஆகும். ஆகவே, நீங்கள் தூங்கிய பிறகு சர்க்கரை 142-ஐத் தாண்டி ஏறியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால்தான் படுக்கும் நேர அளவு என்று அதைச் சொல்ல முடியும்.

அடுத்தது கல்லீரல். நாம் தூங்கும்போதும் மூளைக்குச் சர்க்கரை வேண்டும். அதனால் கல்லீரல் தன்னிடம் உள்ள இருப்பிலிருந்து இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விடும். விடியற்காலை மூன்று, நான்கு மணியிலிருந்து கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை கூடி, உடம்பை எழுப்பத் தயார் செய்யும். அப்போது கல்லீரல் இன்னும் அதிகமாக விடும். சர்க்கரை இல்லாதவர்களுக்கு அந்த நேரத்தில் கணையம் சற்றுக் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிடும். நமக்கு அது போதாமல் போகிறது. ஒன்றும் சாப்பிடாமலே ஏறுவதற்கு இதுதான் காரணம். 'டான் பினாமினன்' என்பார்கள். மெட்ஃபார்மின் முக்கியமாக வேலை செய்வதே கல்லீரலில்தான். சாப்பாடு குறைவு என்று இரவு மாத்திரையை மட்டும் விட்டுவிடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. நடுராத்திரியில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, அதைச் சரிக்கட்ட உடம்பு ஏற்றிவிடுவது. முன்பு நினைத்ததைவிட இது அரிது. ஆனால் கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டிச் சர்க்கரையை இறக்கும் மாத்திரை. அதைப் போடும் நீங்கள் கூடவே சிறுகுறிஞ்சானும் எடுப்பதால், சோதிக்காமல் ஒதுக்க முடியாது.

இந்த மூன்றில் உங்களுக்கு எது என்று தெரிந்துகொள்ள மூன்று, நான்கு இரவுகள் போதும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை, அலாரம் வைத்து அதிகாலை மூன்று மணிக்கு ஒரு முறை, எழுந்ததும் ஒரு முறை. படுக்கும்போதே அதிகம், மூன்று மணிக்கும் அதிகம் என்றால் இரவுச் சாப்பாட்டைக் கவனிக்க வேண்டும். முதல் இரண்டும் நன்றாக இருந்து காலையில் மட்டும் ஏறினால் கல்லீரல்தான். மூன்று மணிக்கு 70-க்குக் கீழே இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். விடிந்ததும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வேலூர் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மாதங்களில், சர்க்கரை பார்க்கும் கருவியில் செருகும் ஸ்ட்ரிப்புகளின் புட்டியை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பெரும்பாலான ஸ்ட்ரிப்புகள் 30 டிகிரிக்குள் வைக்க வேண்டியவை. அடுப்படி அலமாரியிலும் வண்டி டிக்கியிலும் கிடந்த ஸ்ட்ரிப்பை நம்பி மருந்தை மாற்றக் கூடாது.

சரி, சாப்பாடு. கேழ்வரகு நல்லது என்பதில் சந்தேகமில்லை; நார்ச்சத்தும் கால்சியமும் வெள்ளை அரிசியைவிட நிறைய. ஆனால் 100 கிராம் மாவில் ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நம் வீடுகளில் ஒரு களி உருண்டைக்கு 100 கிராம் மாவு சாதாரணமாகப் போகும். "களிதானே" என்று அளவு பார்க்காமல் சாப்பிடுவதுதான் வட ஆற்காட்டுப் பக்கம் நான் அதிகம் பார்க்கும் தவறு. உருண்டையைப் பாதியாக்குங்கள். அந்த இடத்தைக் கீரையோடு கடைந்த பருப்பு, ஒரு முட்டை, சுண்டல், முள்ளுக் கத்தரிக்காய்க் கூட்டு என்று நிரப்புங்கள். முதலில் காயும் பருப்பும், கடைசியில் களி. ஏழரைக்குள் முடித்துவிட்டு மொட்டை மாடியிலாவது பதினைந்து நிமிடம் நடங்கள். இந்த நேர மாற்றத்துக்கு ஈடான மூலிகை எனக்குத் தெரிந்து இல்லை.

இரவுப் பட்டினி வேண்டாம். காலையில் 180 இருக்கிறதே என்று பதினொரு மணி வரை சாப்பிடாமல் இருப்பதும் உதவாது; கல்லீரல் விட்டுக்கொண்டே இருக்கும், அளவு இன்னும் ஏறலாம்.

வெந்தயத்தில் வேலை செய்வது பெரும்பாலும் அதன் நார்ச்சத்துதான். ஊறிய தண்ணீரைக் குடித்துவிட்டு விதையைக் கொட்டினால் பாதிக்கு மேல் வீண். விதையையும் மென்று சாப்பிடுங்கள், அல்லது பொடியை மோரில் கலந்து குடியுங்கள். ஒரு தேக்கரண்டி நாலைந்து கிராம் வரும். ஆய்வுகளில் கொடுத்ததோ பெரும்பாலும் இதைவிடப் பல மடங்கு. எனவே சிறு உதவியை எதிர்பாருங்கள், அதிசயத்தை வேண்டாம். மாத்திரைக்கும் வெந்தயத்துக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

சிறுகுறிஞ்சான் நாக்கில் பட்டால் சற்று நேரம் இனிப்பு தெரியாது. ஆற்காடு மக்கன் பேடாவைக் கண்டால் கை தானாகப் போகிறவர்களுக்கு அதுவே உதவி. ரத்தச் சர்க்கரையைக் குறைப்பதாகச் சொல்லும் ஆய்வுகள் சிறியவை. ஆனாலும் கிளிமிபிரைடோடு சேர்ந்தால் இறங்கிவிடக்கூடும் என்பதால், மூன்று மணி அளவைப் பார்க்கும் வரை இரவில் எடுக்காதீர்கள். கடையில் கிடைக்கும் பட்டை பெரும்பாலும் காசியா வகை. குழம்புக்குப் போடலாம், தினமும் கரண்டி கரண்டியாகக் குடித்தால் அதிலுள்ள கூமரின் என்ற பொருள் கல்லீரலைக் கெடுக்கக்கூடும்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது பெயர் ஒட்டாத 'சர்க்கரைப் பொடி' பொட்டலங்கள்தான். மூலிகை என்று விற்றவற்றில் கிளிபென்கிளமைடு போன்ற, சர்க்கரையை இறக்கும் ஆங்கில மருந்து கலந்திருந்தது சோதனைகளில் பலமுறை வெளிவந்திருக்கிறது. முழங்கால் வலிக்கு வாங்கும் பொடியில் ஸ்டீராய்டு இருந்தால் சர்க்கரை தாறுமாறாக ஏறும். அப்படி ஏதாவது எடுக்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். சித்த மருந்துதான் வேண்டும் என்றால் அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவில், இப்போது போடும் மாத்திரைகளைக் காட்டிக் கேளுங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை இருந்தால் போதும். மூன்று வாரம் இப்படிச் செய்தும் 150-க்கு மேலேயே நின்றால், எழுதி வைத்த அளவுகளோடு மருத்துவரைப் பாருங்கள். இரவு மாத்திரையின் அளவையோ வகையையோ அவர் மாற்றச் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஏழு வருடமாக மெட்ஃபார்மின் எடுப்பதால், அன்றே அது குறைக்கக்கூடிய வைட்டமின் பி12 அளவையும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி-யையும் பார்க்கச் சொல்லுங்கள். பாதத்தில் மரத்துப்போகிற மாதிரி இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.