சுயமுன்னேற்ற நூலே போதாதா, எபிக்டெட்டஸை ஏன் படிக்க வேண்டும்?

"உன் கையில் இருப்பதை மட்டும் கவனி" என்னும் சுயமுன்னேற்ற அறிவுரையும் பழங்கால கிரேக்கத்தில் பிறந்த ஸ்டோயிக் தத்துவமும் ஒன்றுதானே என்கிறீர்கள். பாதிதான் ஒன்று.

ஸ்டோயிக் தத்துவஞானி எபிக்டெட்டஸின் 'கையேடு' 53 சிறு பகுதிகள் கொண்டது. அவர் போதனைகளிலிருந்து மாணவர் அரியன் தொகுத்த சுருக்கம் அது. எளிமைப்படுத்துவது நேற்று வந்த பழக்கமல்ல. அதன் முதல் பகுதி நம் வசம் இருப்பவை எனக் கருத்து, உந்துதல், விருப்பம், வெறுப்பு ஆகியவற்றைச் சொல்கிறது. உடல், சொத்து, பேர், பதவி நம் வசம் இல்லை. பிரபல நூல்கள் இந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு, பதவி உயர்வுக்கு உத்தியாக விற்கின்றன. கோளாறு அங்கேதான்: பதவியே நன்மையல்ல என்பதுதான் மூல வாதம். அதை உருவிவிட்டால் மிஞ்சுவது பதற்றத்துக்கு ஒரு மாத்திரை.

மாத்திரையை இளக்காரமாகச் சொல்லவில்லை. 5ஆம் பகுதியின் கருத்தை, அதாவது நிகழ்வுகளைவிட அவை பற்றிய நம் எண்ணமே கலக்குகிறது என்பதை, உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் தன் சிகிச்சை முறைக்கு அடிப்படையாக்கினார். முந்தைய ஸ்டோயிக் அறிஞர் கிரிசிப்பஸின் நூல்களுக்கு உரை சொல்லத் தெரியும் என்று பெருமைப்படுபவனை 49ஆம் பகுதி கிண்டல் செய்வதை, பிரபல நூல்களை இளக்காரமாகப் பார்க்கும் பேராசிரியர்களும் கவனிக்கலாம்.

முதல் 5 பகுதிகளைப் படியுங்கள். பிறகு, அரியன் பதிவுசெய்த எபிக்டெட்டஸின் விரிவான போதனைகளான 'உரையாடல்கள்' முதல் நூலின் முதல் அத்தியாயம். ஒவ்வொரு கூற்றுக்கும் "ஏன்?" என்று ஓரத்தில் எழுதுங்கள், "விருப்பம் உண்மையிலேயே என் வசமா?" என்பதில் கட்டாயம் இடறுவீர்கள்.