இத்தாலியின் மொந்தெரிஜ்ஜோனி கிராமத்தின் வரலாறு என்ன? பார்க்க என்ன இருக்கிறது?

போட்டி நகர அரசான பிளாரன்ஸைத் தடுக்க, சியன்னா குடியரசு 1213-19 வாக்கில் குன்றின் உச்சியில் கட்டிய காவல் கோட்டை இது. சுமார் 570 மீட்டர் சுற்றளவுள்ள மதில், 14 கோபுரங்கள். அவ்வளவுதான் ஊர்.

இடைக்கால இத்தாலியக் கவிஞர் தாந்தே, தன் காவியத்தில் நரகக் குழியைச் சுற்றி இடுப்புக்கு மேல் தெரியும் ராட்சதர்களை இந்தக் கோபுரங்களோடுதான் ஒப்பிட்டார். இப்போது பார்த்தால் கொஞ்சம் மிகை என்று தோன்றும். அன்று அவை இன்னும் உயரமாக இருந்தன, பிறகு குறைத்துவிட்டார்கள்.

முற்றுகைகளைத் தாங்கிய இந்தக் கோட்டை 1554-ல் சண்டையே இல்லாமல் பறிபோனது. காவல் தளபதி ஜோவான்னினோ சேத்தி, பிளாரன்ஸிலிருந்து துரத்தப்பட்டவர், கோட்டையை அதே பிளாரன்ஸ் தரப்பிடம் ஒப்படைத்துவிட்டார். மதிலை நம்பியவர்கள் ஆளைக் கவனிக்கவில்லை!

உள்ளே சதுக்கம், சாந்தா மரியா அசுந்தா தேவாலயம், ரோம் பக்கம் ஒன்றும் பிளாரன்ஸ் பக்கம் ஒன்றுமாக இரண்டு வாசல்கள். சீட்டு வாங்கி மதிலின் மேலே நடக்கலாம். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.