குரோஷியாவா, மொண்டெனேக்ரோவா? – கடிதம்

வணக்கம் சார்,

மியூனிக்கில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து அப்பா அம்மா மூன்று மாத விசாவில் வந்திருக்கிறார்கள். அவர்கள் கிளம்புவதற்குள் ஒரு வாரம் கடலோரமாக எங்காவது கூட்டிப்போக ஆசை. குரோஷியாவா மொண்டெனேக்ரோவா என்று வீட்டில் இரண்டு கட்சி. மனைவிக்குக் குரோஷியாவின் டுப்ரோவ்னிக். எனக்கு, உங்கள் கோட்டோர் பயணக் குறிப்பைப் படித்ததிலிருந்து மொண்டெனேக்ரோ. அம்மாவுக்கு முழங்கால் வலி. இருவரும் சைவம். அப்பா நெடுஞ்சாலைத் துறையில் ஓய்வு பெற்றவர், எங்கே போனாலும் பாலத்தைத்தான் முதலில் பார்ப்பார். ஆறு வயது மகளுக்கு மணல் வேண்டும். ஒரே வாரத்தில் இரண்டு நாட்டையும் பார்த்துவிட முடியுமா?

எஸ்., மியூனிக்

அன்புள்ள எஸ்.,

எந்த நாடு அழகு என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் அப்பா அம்மா பாஸ்போர்ட்டை எடுத்து விசா ஸ்டிக்கரைப் பாருங்கள். எத்தனை முறை நுழையலாம் என்பதற்கு ஒரு கட்டம் இருக்கும். அதில் 01 (ஒரே முறை) என்று இருக்கிறதா, மல்ட் (பல முறை) என்று இருக்கிறதா?

ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுதான் ஷெங்கன். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் அதற்குள் வந்துவிட்டது. மியூனிக்கிலிருந்து அங்கே போவது சென்னையிலிருந்து கொச்சிக்குப் போகிற மாதிரிதான். மொண்டெனேக்ரோ இன்னும் வெளியே. ஆனால் செல்லுபடியாகும் ஷெங்கன் விசா கையில் இருந்தால், தனி விசா கேட்காமல் 30 நாள் வரை தங்க விடுகிறார்கள். இந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு டிக்கெட் போடுகிறவர்கள் உண்டு. 01 விசாவில் இருந்த அந்த ஒரு நுழைவு, அப்பா அம்மா மியூனிக்கில் இறங்கிய அன்றே தீர்ந்துபோயிற்று. மொண்டெனேக்ரோ உள்ளே விட்டுவிடும். திரும்பி வரும்போது ஜெர்மனிதான் விடாது. குடியிருப்பு அட்டை வைத்திருக்கும் உங்களுக்கு இது தோன்றாது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆக, 01 என்றால் வீட்டில் விவாதமே தேவையில்லை. குரோஷியா. உங்கள் மனைவி கட்சிக்கு வெற்றி, ஆனால் பாதி வெற்றிதான். டுப்ரோவ்னிக் வேண்டாம்.

நான் அங்கே தங்கியது ‘பழைய நகரத்துக்கு 5 நிமிடம்’ என்று விளம்பரம் செய்த ஒரு வீட்டில். 5 நிமிடம் என்பது உண்மைதான். அது செங்குத்தான படிக்கட்டில் இறங்குவதற்கான நேரம் என்பதை மட்டும் எழுதவில்லை. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு 140 வரை எண்ணினேன், அதற்கு மேல் எண்ண மூச்சு இடம் தரவில்லை. ஸ்ட்ராடுன் என்ற நடுத்தெரு மட்டும் சமதளம். அதன் சுண்ணாம்புக்கல் தளம் நூற்றாண்டுக் கணக்கில் கால் பட்டுப் பட்டுக் கண்ணாடியாகி, தூறல் போட்டால் பாசி பிடித்த படித்துறைபோல வழுக்கும். இருபுறமும் பிரிகிற சந்துகளில் பல, படிக்கட்டுகளேதான். ஊரின் பெருமையே 1,940 மீட்டர் நீளக் கோட்டை மதில்மேல் சுற்றி வருவது. அதற்கும் ஏறி இறங்க வேண்டும், சீசனில் ஆளுக்கு 35 யூரோவுக்குக் குறையாமல் டிக்கெட்டும் உண்டு. அம்மாவைக் கீழே ஒரு காபிக் கடையில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் மேலே போவதற்கு இவ்வளவு தூரம் கூட்டிப்போவானேன்?

அதற்குப் பதில் குரோஷியாவிலேயே ஸ்பிளிட் நகரில் தங்குங்கள். 305ஆம் ஆண்டையொட்டி ரோமச் சக்கரவர்த்தி டயோக்ளீஷியன் பதவியைத் துறந்து வந்து குடியேறிய அரண்மனைதான் இன்று ஊரின் நடுப்பகுதி. தூண்களுக்கு நடுவே இன்னும் குடும்பங்கள் வசிக்கின்றன, துணி காய்கிறது. மறுபடி ஆட்சிக்கு வாருங்கள் என்று கூப்பிட்டவர்களிடம், என் தோட்டத்து முட்டைக்கோஸைப் பார்த்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள் என்று சொன்னாராம். ஓய்வு பெற்ற அப்பாவுக்கு இந்தக் கதை பிடிக்கும். அரண்மனையை ஒட்டிய கடலோர நடைபாதை தரையோடு தரை. அரண்மனையின் கிழக்கு மதிலை ஒட்டியே காய்கறிச் சந்தை.

அப்பாவுக்கு ஒரு நாள் பெல்யெஷாட்ஸ் பாலம். 2.4 கிலோமீட்டர் நீளம், கம்பிவடங்கள் தாங்கும் பாலம், 2022 ஜூலையில் திறந்தார்கள். குரோஷியாவின் கரையை நடுவில் வெட்டிக்கொண்டு போஸ்னியா நேயும் என்ற இடத்தில் கடலைத் தொடுகிறது. முன்பு தரைவழியே டுப்ரோவ்னிக் போக அந்தத் துண்டைக் கடந்தே ஆக வேண்டும். அதைத் தவிர்க்கக் கட்டியதுதான் இந்தப் பாலம். பேருந்தில் போனால் பாலம் வழியா, நேயும் வழியா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். போஸ்னியாவும் ஷெங்கனுக்கு வெளியேதான், அதே 01 சிக்கல் அங்கேயும் காத்திருக்கிறது.

சரி, ஸ்டிக்கரில் மல்ட் என்று இருந்தால்? யோசிக்காமல் மொண்டெனேக்ரோ. ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் யூரோதான் அங்கேயும் பணம். திவாத் விமான நிலையத்தில் இறங்கினால் கோட்டோர் எட்டு, பத்து கிலோமீட்டர்தான். மலைகளுக்கு நடுவே கடல் வளைந்து வளைந்து உள்ளே புகுந்து ஏரிபோலக் கிடக்கிறது. அலை கிடையாது. பழைய நகரம் பூனைகளும் கல் சதுக்கங்களுமாக, பெரும்பாலும் சமதளம். பின்னால் மலைக்கோட்டைக்கு 1,350 படிகள் இருக்கின்றன, விருப்பப்பட்டவர் ஏறலாம். கோட்டோரிலிருந்து லோவ்சென் மலைக்கு ஏறும் சாலையில் 25 கொண்டை ஊசி வளைவுகள். நம் கொல்லிமலையின் 70 வளைவைப் பார்த்த அப்பா, இதென்ன பிரமாதம் என்பார். வளைவில் எதிரே பேருந்து வரும்போது அப்படிச் சொல்கிறாரா என்று பாருங்கள்.

நான் திரும்பவும் போக நினைப்பது பெராஸ்ட்டுக்கு. கோட்டோரிலிருந்து 12 கிலோமீட்டர், ஒரே தெரு. எதிரே தண்ணீரில் மனிதர்களே உண்டாக்கிய ஒரு தீவு. 1452இல் அங்கிருந்த பாறையில் மாதா படம் கிடைத்ததாக நம்பி, ஊர்க்காரர்கள் கல்லைக் கொண்டுபோய்ப் போட்டும் கல் நிரப்பிய பழைய கப்பல்களை மூழ்கடித்தும் தீவாக்கிக் கோயில் கட்டினார்கள். இன்றும் ஜூலை 22 மாலையில் படகுகளை வரிசையாகக் கட்டிப் போய்க் கல் போடுகிறார்கள். கோயிலுக்குள் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பூத்தையல் படம் இருக்கிறது. கடலுக்குப் போன கணவனுக்காகக் காத்திருந்த யசிந்தா என்ற பெண் 25 ஆண்டு தைத்தது என்கிறார்கள். குட்டித் தேவதைகளின் முடிக்குத் தன் தலைமுடியையே நூலாக்கியிருக்கிறாள். உற்றுப் பார்த்தால் சில தேவதைகளுக்குக் கருமுடி, சிலவற்றுக்கு வெள்ளை. அவளுக்கு நரைத்துக்கொண்டே வந்திருக்கிறது. அம்மா அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார். படகில் சில நிமிடம்தான், படி ஏறவே வேண்டாம்.

மகளின் மணல்தான் பிரச்சினை. இரண்டு நாட்டிலும் கடற்கரை என்றால் பெரும்பாலும் கூழாங்கல், பாறை, இடையில் கடல்முள்ளெலி. எல்லோருக்கும் ரப்பர் செருப்பு வாங்குங்கள். உண்மையான மணல் வேண்டுமென்றால் மொண்டெனேக்ரோவின் தென்கோடியில் உல்சின். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கும் மணல், தண்ணீரும் ஆழமில்லை. கடைசி இரண்டு நாளை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டுக்கு அடுப்புள்ள வீடாக எடுங்கள், மற்றதை அம்மா பார்த்துக்கொள்வார். வெளியே சாப்பிட்டால் ப்ளித்வா கேளுங்கள், கீரையும் உருளைக்கிழங்கும் போட்ட மசியல். மொண்டெனேக்ரோவில் கச்சமாக், சோளமாவுக் களிதான், மேலே பாலாடை. மெனுவில் கறுப்பு ரிசொட்டோ என்று பார்த்துக் கறுப்புக் கவுனி அரிசி என்று நினைத்துவிடாதீர்கள், அது கணவாய் மீனின் மை. ‘போஸ்னோ’ என்றால் அங்கே விரத உணவு, இறைச்சி, பால், முட்டை இருக்காது. ஆனால் மீன் இருக்கலாம். ‘பெஸ் மெசா, பெஸ் ரிபே’ என்று சொல்லிவிடுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். இரண்டு நாட்டிலும் புரியும்.

இரண்டையும் ஒரே வாரத்தில் பார்க்க நினைப்பதை விட்டுவிடுங்கள். ஒரு நாள் எல்லை வரிசையில் வெயிலோடு போய்விடும். ஆகஸ்டும் வேண்டாம். பவேரியாவில் பள்ளி விடுமுறை செப்டம்பர் நடு வரை இருக்கிறதே, செப்டம்பரின் அந்த முதல் இரண்டு வாரத்தில் கடல் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்.

விசா விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் போடும் முன் தூதரகத் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். ஸ்டிக்கரில் என்ன இருந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.