நடுவயதில் பள்ளிக் காலமும் பழைய வீடும் அடிக்கடி நினைவுக்கு வருகின்றனவா? திரும்பப் போய்ப் பார்த்ததுண்டா?

வருகின்றன. நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு எனக்கு நிறையவே வருகின்றன. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போயிருக்கிறேன். வீட்டுக்குத்தான் அப்படிப் போக முடியவில்லை.

நான் வளர்ந்தது நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில். முன்னால் சின்ன இஸ்தோப்பு (வராந்தா), உள்ளே ஓர் அறை, பின்னால் அடுப்படி. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட வேண்டும். அப்பா ஓய்வு பெற்றதும் கோவைக்கு வந்துவிட்டோம். இப்போது அந்த வீட்டில் வேறொரு குடும்பம் இருக்கிறது. வாசலில் நின்று பார்க்கலாம். உள்ளே போய் அடுப்படியைப் பார்க்கணும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான்கைந்து வருஷத்துக்கு ஒருமுறை செடியைக் கவாத்து வெட்டுவார்கள். அந்தக் குச்சிகளைக் கட்டிக்கொண்டு வந்து எரித்து எரித்து, அந்த அடுப்படிச் சுவர் முழுக்கக் கரி பிடித்திருக்கும். அம்மா அந்தச் சுவரில்தான் பால் கணக்கை ஆணியால் கீறி வைப்பார்.

பள்ளிக்கூடம் அப்படி இல்லை. அங்கே "நான் இங்க படிச்சவ" என்று சொன்னால் போதும், உள்ளே விடுவார்கள். எங்கள் காலத்தில் தகரக் கூரை. ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் டீச்சர் பேசுவது முதல் வரிசைக்குக்கூடக் கேட்காது. பேசுவதை விட்டுவிட்டுப் போர்டில் எழுதிப் போடுவார். நாங்கள் பார்த்து எழுதுவோம். மழை கொஞ்சம் ஓய்ந்ததும் எல்லோரையும் எழுப்பி வாய்ப்பாடு சொல்ல வைப்பார், குளிருக்கும் ஆச்சு, படிப்புக்கும் ஆச்சு. வகுப்புக்குள் நுழையும் முன் வராந்தாவில் உட்கார்ந்து கால் விரல் இடுக்கில் அட்டை தேடுவது தினசரி வேலை. பெரிய பிள்ளைகள் பாவாடை நுனியில் உப்பு முடிந்து கொண்டு வருவார்கள். உப்புப் பட்டதும் அட்டை சுருண்டு விழுந்துவிடும், ஆனால் ரத்தம் லேசில் நிற்காது. நோட்டு ஓரத்தைக் கிழித்து ஒட்டிக்கொள்வோம்.

1982இல் சத்துணவு வந்தபோது நான் சின்ன வகுப்பு. பணியர் பழங்குடி வீட்டுப் பிள்ளைகள், செட்டிமார் வீட்டுப் பிள்ளைகள், மலையாளம் பேசும் பிள்ளைகள், நாங்கள் என்று எல்லோரும் ஒரே வரிசையில் தட்டோடு உட்காருவோம். எங்களுக்கு அங்கே "சிலோன்காரங்க" என்று பெயர். நீலகிரியில் பிறந்த என்னை ஏன் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அப்போது விளங்கவில்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளி ஆட்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று கணக்கு. வந்து சேர்ந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் தமிழக அரசே நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. அதுதான் பின்னால் டேன்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) ஆனது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், பிறகு இந்த மலை என்று வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் எங்கே போனாலும் இப்படி வந்த வீடுகள் இருக்கின்றன.

என் பழைய வீட்டுக்காக நான் ஏங்க ஆரம்பித்த பிறகுதான் அம்மாவின் பழைய வீட்டைப் பற்றிக் கேட்கத் தோன்றியது. இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம். அம்மா கிளம்பி வந்தபோது இப்போதைய என் மகளின் வயதுதான் இருக்கும். பந்தலூர் எனக்கு ஒரு ராத்திரி பஸ் தூரம். அம்மாவுக்கோ நடுவில் கடல், பாஸ்போர்ட், கைக்காசு எல்லாம் இருந்தன. 1984க்குப் பிறகு அந்தக் கப்பலும் நின்றுபோனது. கேட்டதும் நிறுத்தாமல் சொன்னார்: "லயத்துல (லைன் வீட்டு வரிசையில) கடைசி வீடு நம்மளது. பக்கத்துலயே பீலி (தண்ணிக் குழாய்), ராத்திரி பூரா தண்ணி விழுற சத்தம் கேக்கும். கூரை மேல சவ்சவ் கொடி ஏத்தியிருந்தோம். காய் பறிக்காமயே வந்துட்டோம்டி." தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தாராம், பிறகு கொழுந்துக் கூடை. அந்த வாத்தியார் பெயர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பெயர் எல்லாம் வரிசையாக வருகிறது. நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். அப்பாவிடமும் கேட்டிருக்கலாம், அவர் இப்போது இல்லை.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட ஆரம்பித்தார்கள். அந்தச் செய்தியைப் பார்த்ததிலிருந்து அம்மா விடவில்லை. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். பிறந்த இடத்துக்கு ஆதாரமாக அந்தக் காலத்துக் குடும்ப அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார். காங்கேசன்துறையில் இறங்கி ரயிலில் கொழும்பு, அங்கிருந்து பதுளை போகும் ரயிலில் தலவாக்கலை. அதுவரை எனக்கு வழி தெரியும். ஸ்டேஷனிலிருந்து தோட்டத்துக்கு அம்மாதான் வழி சொல்லணும்.