கைகாட்டி நிறுத்திய கார்: காயமடைந்த தாயாருக்கு அபராதம் விழுமா?

கேள்வி: மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு தோட்டத்தில் வசிக்கிறோம். கிளினிக்கிலிருந்து திரும்பிய அம்மா டாக்சிக்காகச் சாலையில் கைகாட்டியபோது, இ-ஹெய்லிங் (செயலிவழி முன்பதிவு செய்யும் வாடகைக் கார்) ஸ்டிக்கர் ஒட்டிய கார் ஒன்று நின்றது. செயலி வேண்டாம், 20 ரிங்கிட் கொடுத்தால் போதும் என்று ஓட்டுநர் ஏற்றிக்கொண்டார். வழியில் செம்பனை லாரியை முந்தப்போய்க் கார் கால்வாயில் இறங்கியதில் அம்மாவின் மணிக்கட்டு முறிந்தது. தெரிந்தவர் என்பதால் இலவசமாக ஏற்றி வந்ததாகப் போலீசில் சொல்லாவிட்டால் அம்மாவுக்கும் அபராதம் விழும் என்கிறார் அவர். உண்மையா?

பதில்: சகோதரி, உண்மையன்று. 2010-ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டம் உரிமமின்றிக் கட்டணத்துக்கு ஆள் ஏற்றுபவரைத்தான் தண்டிக்கிறது, ஏறியவரை அன்று. சாலையோரத்தில் கைகாட்டுவதும் குற்றமாகாது. அந்தக் கைக்கு எந்த வாகனம் நிற்கலாம் என்பதே கேள்வி. எச் எழுத்தில் தொடங்கும் பதிவெண் கொண்ட டாக்சி, பேராவில் எச்ஏ, நிற்கலாம். 2018-இல் நடப்புக்கு வந்த திருத்தங்களின் கீழ் இயங்கும் இ-ஹெய்லிங் வாகனமோ செயலிவழி முன்பதிவு செய்த பயணியை மட்டுமே ஏற்றலாம். செயலியை அணைத்துவிட்டு ரொக்கம் வாங்கினால், ஸ்டிக்கர் இருந்தாலும் அது நம் ஊரில் கெரெத்தா சாப்பு, அதாவது உரிமமில்லாத வாடகைக் கார், என்று சொல்வதுதான்.

அவர் சொல்லச் சொல்லும் பொய்யைச் சற்று ஆராய வேண்டும், ஏனெனில் அது காப்பாற்றுவது அவரை மட்டுமே. 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 91-ஆவது பிரிவின்படி, கட்டணத்துக்கோ வேலை ஒப்பந்தத்தின் பேரிலோ ஏற்றப்படாத பயணிக்குக் காப்புறுதி கட்டாயமில்லை. ஆகவே இலவசப் பயணம் என்று எழுதிக் கொடுத்தால், கார்க்காரர் பயணிகளுக்கெனத் தனியாகக் காப்புறுதி எடுத்திருந்தாலொழிய உங்கள் தாயாருக்குப் பிடிமானம் இருக்காது. உண்மையைச் சொன்னாலும் காப்புறுதி நிறுவனம் எளிதில் பணிந்துவிடாது. தனியார் கார் பத்திரம் வாடகைப் பயன்பாட்டை விலக்குகிறது, இ-ஹெய்லிங் கூடுதல் காப்புறுதியோ செயலிவழிப் பயணத்துக்கே உரியது என்று வாதாடும். அந்த வாதத்தை நான் லேசாக எடைபோட மாட்டேன். ஆனாலும் அது நீதிமன்றத்தில் எதிர்கொள்ளக்கூடிய தகராறு. போலீசிடம் தெரிந்தே பொய்த் தகவல் தருவது, தண்டனைச் சட்டத் தொகுப்பின் 182-ஆவது பிரிவின் கீழ் உங்கள் தாயாரையே குற்றவாளியாக்கக்கூடும்.

காப்புறுதி எப்படியிருந்தாலும், கவனக்குறைவாக ஓட்டியதற்கான பொறுப்பு ஓட்டுநரைவிட்டு நீங்காது. தீபகற்பத்தில் 1953-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி அவர்மீது வழக்குத் தொடுக்க 6 ஆண்டு அவகாசம் உண்டு. வாகன விபத்து வழக்குகளைத் தொகை வரம்பின்றி செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கும். அவகாசம் இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். கால்வாயில் இறங்கிய டயர் தடம் இரண்டு மழைக்குத் தாங்காது.

உங்கள் தாயார் இன்றே நிலையத்துக்குச் சென்று, எங்கே கைகாட்டினார், ஓட்டுநர் செயலியைப் பற்றி என்ன சொன்னார், எவ்வளவு கேட்டார் என்பதைத் தம் சொற்களிலேயே புகாரில் பதியட்டும். மலாயில் எழுதப்பட்டால், கையொப்பமிடும் முன் யாராவது அதைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். காரின் பதிவெண், எக்ஸ்ரே, மருத்துவ ரசீதுகள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். ஓட்டுநர் சமரசமாக ஏதேனும் தொகையை நீட்டி, இனி கோரிக்கை இல்லை என்ற காகிதத்தையும் சேர்த்து நீட்டினால், ஒரு வழக்கறிஞர் படித்துப் பார்க்கும்வரை எதிலும் கையொப்பம் வேண்டாம்.